பல்கலைக்கழகக் கிளஸ்டரில் முதல் ஜாப்: புதிய ஆய்வு மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆய்வுப் படிப்பில் சேர்ந்து, "கிளஸ்டரில் ஓட்டிப் பார்" என்று கைடு சொன்ன நாளிலிருந்து மனதில் ஓடும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். லினக்ஸில் ஸ்லர்ம் ஷெட்யூலர் (யார் கொடுத்த வேலை, அதாவது ஜாப், எப்போது எங்கே ஓடும் என்று முடிவு செய்யும் மென்பொருள்) ஓடும் எந்தப் பல்கலைக்கழகக் கிளஸ்டருக்கும் இவை பெரும்பாலும் பொருந்தும். உதாரணம் வேண்டிய இடங்களில் தேசிய சூப்பர்கம்ப்யூட்டிங் திட்டத்தில் நிறுவப்பட்ட பரம் கணினிகளை எடுத்துக்கொண்டிருக்கிறேன். திருச்சி என்.ஐ.டி.யில் 2022 மே மாதம் தொடங்கிவைக்கப்பட்ட பரம் பொருள் அவற்றில் ஒன்று. கோட்டா, நேர வரம்பு, வரிசைகளின் பெயர் போன்றவை இடத்துக்கு இடம் மாறும் என்பதால் உங்கள் மையத்தின் கையேட்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சூப்பர் கம்ப்யூட்டர் என்பது ஒரே பெரிய கம்ப்யூட்டரா?

இல்லை. பல நூறு சர்வர்களை மிக வேகமான நெட்வொர்க்கால் இணைத்துவைத்த தொகுப்பு, அதாவது கிளஸ்டர், அது. ஒவ்வொரு சர்வரும் ஒரு நோடு. பரம் வரிசைக் கணினிகள் பலவற்றில் ஒரு சாதாரண நோடில் 24 கோர் (தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதி) கொண்ட இன்டெல் ஜியான் பிராசஸர் இரண்டு, ஆக 48 கோர், 192 ஜிபி மெமரி இருக்கும். அந்தக் கோரின் அடிப்படை வேகம் 2.9 கிகாஹெர்ட்ஸ். உங்கள் புது லேப்டாப்பின் ஒரு கோர் இதைவிட வேகமாகவே ஓடக்கூடும். கிளஸ்டரின் பலம் கோர்களின் எண்ணிக்கையில்தான் இருக்கிறது. இது ஒன்று மனதில் பதிந்தால் கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்குப் பதில் தானாகப் புரிந்துவிடும்.

பரம் பொருளின் திறன் 838 டெராஃப்ளாப்ஸ், அதாவது நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகள். எல்லா நோடுகளும் முழு வீச்சில் ஓடினால் வரக்கூடிய உச்ச அளவு இது. உங்கள் ஜாப்புக்குக் கிடைப்பது நீங்கள் கேட்டுப் பெறும் பங்கு.

கொஞ்சம் பின்னணியும் தெரிந்திருப்பது நல்லது. 1980-களில் அமெரிக்க சூப்பர் கம்ப்யூட்டர்களை வாங்க இந்தியாவுக்குத் தடைகள் வந்தபோது, சொந்தமாகக் கட்டுவதற்கென்று 1988-ல் சி-டாக் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1991-ல் பரம் 8000 வந்தது. 2015-ல் 4,500 கோடி ரூபாய் மதிப்பில் தேசிய சூப்பர்கம்ப்யூட்டிங் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. அதன் முதல் கணினியான பரம் சிவாய் 2019-ல் வாரணாசி ஐ.ஐ.டி.யில் இயங்கத் தொடங்கியது. நீங்கள் செலவழிக்கப்போகும் ஒவ்வொரு கோர்-மணியும் (ஒரு கோர் ஒரு மணி நேரம் ஓடுவது) மக்கள் வரிப் பணம். இதை மனப்பூர்வமாகச் சொல்கிறேன்.

என் வேலைக்குக் கிளஸ்டர் தேவையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் உங்கள் புரோகிராம் பல கோர்களைப் பயன்படுத்தத் தெரிந்ததா என்று பாருங்கள். நீங்களே எழுதிய சாதாரண பைத்தான் ஸ்கிரிப்டை அப்படியே கொண்டுபோய் 48 கோர் நோடில் போட்டால் ஒரு கோர் ஓடும், 47 சும்மா இருக்கும். கிளஸ்டருக்குப் போனதாலேயே எந்தப் புரோகிராமும் வேகம் பிடிக்காது.

பல கோர்களில் ஓடத் தெரிந்த புரோகிராமுக்கும் ஓர் எல்லை உண்டு. அதை 1967-ல் கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் எடுத்துச் சொன்னார். உங்கள் கணக்கில் 10 சதவீதம் ஒரே கோரில்தான் ஓடியாக வேண்டும் என்றால், 48 கோர் கொடுத்தாலும் வேகம் எட்டரை மடங்கைத் தொடாது. ஆயிரம் கோர் கொடுத்தாலும் பத்து மடங்குக்கு மேல் போகாது.

லேப்டாப்பில் மெமரி போதாமல் நின்றுபோகும் கணக்கு, ஒரே புரோகிராமை நூற்றுக்கணக்கான உள்ளீடுகளுக்கு ஓட்ட வேண்டிய வேலை, வாரக்கணக்கில் ஓடும் சிமுலேஷன், ஜிபியூ (கிராபிக்ஸ் பிராசஸர்) வேண்டிய ஏஐ மாடல் பயிற்சி ஆகியவற்றுக்குக் கிளஸ்டர் சரியான இடம். இரண்டு மணி நேரத்தில் லேப்டாப்பில் முடிகிற வேலையை அங்கேயே முடித்துவிடுங்கள்.

அக்கவுண்ட் வாங்குவது எப்படி?

மாணவர் நேரடியாக வாங்க முடியாது. கைடு பெயரில் ஒரு புராஜெக்ட், அதன் கீழ் உங்கள் பெயர் என்பதுதான் வழக்கம். விண்ணப்பத்தில் என்ன மென்பொருள், ஒரு ஜாப்புக்கு ஏறத்தாழ எத்தனை கோர், எவ்வளவு இடம் என்றெல்லாம் கேட்பார்கள். தெரியாவிட்டால் பெரிய எண்ணாகப் போட்டுவைக்காமல், ஏற்கெனவே ஓட்டும் சீனியரிடம் கேட்டு எழுதுங்கள். உங்கள் கல்லூரியில் கிளஸ்டர் இல்லை என்றால் மனம் தளர வேண்டாம். தேசியத் திட்டத்தின் கீழ் உள்ள மையங்கள் பலவற்றில் வெளிக் கல்லூரி ஆய்வாளர்களும் விண்ணப்பிக்கலாம். கட்டணம் இருந்தால் அதைக் கைடின் புராஜெக்ட் நிதியிலிருந்து கட்டுவார்கள்.

எனக்கு லினக்ஸ் தெரியாது. சமாளிக்க முடியுமா?

முடியும். தொடங்குவதற்குப் பத்துப் பன்னிரண்டு கட்டளைகள் போதும்: எந்த ஃபோல்டரில் இருக்கிறேன் என்று பார்ப்பது, உள்ளே என்ன இருக்கிறது என்று பட்டியலிடுவது, உள்ளே போவது, வெளியே வருவது, கோப்பைக் காப்பி எடுப்பது, பெயர் மாற்றுவது, அழிப்பது, படித்துப் பார்ப்பது. எடிட்டருக்கு நானோவில் தொடங்குங்கள். எல்லாரும் விம் என்கிறார்களே என்று முதல் நாளே அதில் போய் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. இங்கே ரீசைக்கிள் பின் கிடையாது. ஆர்எம் கட்டளை கொடுத்தால் கோப்பு போனது போனதுதான். நட்சத்திரக் குறி போட்டு அழிக்கும் முன், அதே நட்சத்திரக் குறியோடு எல்எஸ் கொடுத்து எவையெல்லாம் பட்டியலில் வருகின்றன என்று ஒருமுறை பாருங்கள்.

தமிழ்வழியில் படித்து வந்தவர்கள், எர்ரர் செய்தி ஆங்கிலத்தில் நீளமாக வந்து விழுந்ததும் பயந்து விண்டோவை மூடிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். மூடாதீர்கள். அந்த நீளத்தில் உங்களுக்கு வேண்டியது பெரும்பாலும் ஒரு வரிதான். பைத்தான் என்றால் கடைசி வரி, கம்பைலர் என்றால் முதல் எர்ரர்.

பாஸ்வேர்ட் அடித்தால் திரையில் எதுவுமே வரவில்லையே?

வராது. நட்சத்திரம்கூடக் காட்டாது. அடித்துவிட்டு என்டர் தட்டுங்கள். பரம் கணினிகள் பலவற்றில் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து லாகின் ஆகும் வழி) வழக்கமான 22-ஆம் போர்ட்டில் இல்லாமல் 4422-ல் இருக்கும். பாஸ்வேர்டோடு ஒரு கேப்சாவும் கேட்கும். போர்ட் எண்ணை விட்டுவிட்டால் இணைப்பே கிடைக்காது. அக்கவுண்ட் வேலை செய்யவில்லை என்று வரும் புகார்களில் நிறைய இந்த வகைதான். விண்டோஸில் மோபாஎக்ஸ்டெர்ம் வசதியானது. விண்டோஸ் 10-லிருந்து எஸ்எஸ்ஹெச் கட்டளை சிஸ்டத்தோடேயே வருகிறது.

சீனியரின் அக்கவுண்டில் நானும் ஓட்டிக்கொள்ளலாமா?

கூடாது. "ஒரே லேப்தானே" என்று தோன்றும். 2020 மே மாதம் எடின்பரோ பல்கலைக்கழகத்தின் ஆர்ச்சர் உட்பட ஐரோப்பாவின் பல சூப்பர் கம்ப்யூட்டர்களை ஒரே சமயத்தில் மூட வேண்டியதாயிற்று. ஹேக்கர்கள் பயனர்களின் லாகின் விவரங்களைத் திருடி ஒரு மையத்திலிருந்து இன்னொரு மையத்துக்குத் தாவியிருந்தார்கள். திரும்பத் திறந்தபோது எல்லாருடைய பாஸ்வேர்டும், லாகினுக்கான எஸ்எஸ்ஹெச் சாவியும் மாற்றப்பட்டன. கோவிட் ஆய்வு நடந்துகொண்டிருந்த காலம் அது.

எஸ்எஸ்ஹெச் சாவி பயன்படுத்தினால் பிரைவேட் கீ என்ற ரகசியக் கோப்பு உங்கள் லேப்டாப்பை விட்டு வெளியே போகக் கூடாது. அதற்கும் ஒரு பாஸ்ஃப்ரேஸ் வையுங்கள். ஜூனியருக்கு வாட்ஸ்அப்பில் கீ அனுப்புவது வீட்டுச் சாவியை அனுப்புவதைவிட மோசம், ஏனென்றால் இங்கே எல்லாரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம்.

லாகின் ஆனதும் புரோகிராமை நேரடியாக ஓட்டலாமா?

லாகின் ஆகி நீங்கள் வந்து நிற்பது லாகின் நோடு. அந்த நேரத்தில் உள்ளே இருக்கும் அத்தனை பேரும் அதே நோடில்தான் கோப்பு எடிட் செய்கிறார்கள், ஜாப் அனுப்புகிறார்கள். அங்கே கனமான புரோகிராமை ஓட்டினால் எல்லாருக்கும் டைப் செய்வதுகூடத் தட்டுத்தடுமாறும். அட்மின் கவனித்தால் அந்தப் புரோசஸை நிறுத்திவிடுவார். மீண்டும் மீண்டும் நடந்தால் அக்கவுண்ட் முடக்கப்படும். எடிட் செய்வது, சிறிய கம்பைல், கோப்பு மாற்றுவது, ஜாப் அனுப்புவது வரை சரி. கையோடு உட்கார்ந்து சோதித்துப் பார்க்க வேண்டும் என்றால் ஸ்லர்மின் எஸ்ரன் கட்டளை மூலம் ஒரு இன்டராக்டிவ் ஜாப் எடுத்துக் கம்ப்யூட் நோடுக்குள் போய்ச் செய்யுங்கள். அரை மணி நேரத்துக்குக் கேட்டால் சீக்கிரம் கிடைத்துவிடும்.

ஜாப் ஸ்கிரிப்ட் எழுதுவது எப்படி?

ஸ்கிரிப்ட் ஒரு சாதாரண டெக்ஸ்ட் கோப்பு. முதல் வரி இது பாஷ் ஸ்கிரிப்ட் என்று சொல்லும். அடுத்து # குறியும் அதை ஒட்டிப் பெரிய எழுத்தில் எஸ்பேட்ச் என்ற சொல்லும் போட்டுத் தொடங்கும் வரிகள். உங்களுக்கு என்ன வேண்டும் என்று ஸ்லர்மிடம் கேட்பவை இவைதான்: ஜாப் பெயர், எந்த பார்ட்டிஷன் (நோடுகளின் எந்தப் பிரிவு), எத்தனை நோடு, எத்தனை டாஸ்க், எவ்வளவு மெமரி, எவ்வளவு நேரம், வெளியீடும் எர்ரரும் எந்தக் கோப்பில் விழ வேண்டும். அதன் கீழே, வேண்டிய மாட்யூல்களை (கிளஸ்டரில் ஏற்கெனவே நிறுவியிருக்கும் மென்பொருள்களை) லோட் செய்யும் வரிகள். கடைசியில் புரோகிராமை ஓட்டும் வரி. கோப்பைச் சேமித்து எஸ்பேட்ச் கட்டளையோடு அதன் பெயரைக் கொடுத்தால் ஜாப் எண் கிடைக்கும்.

தவறு நேரும் இடங்கள் ஏறக்குறைய எப்போதும் ஒன்றேதான். கேட்கும் வரிகள் எல்லாம் முதல் கட்டளைக்கு மேலே இருக்க வேண்டும். மாட்யூல் லோட் செய்த பிறகு நேரத்தைக் கேட்கும் வரியை எழுதினால் ஸ்லர்ம் அதைப் படிக்காது, எர்ரரும் காட்டாது. டிஃபால்ட் நேரம் எதுவோ அதுதான் கிடைக்கும். அதேபோல # குறியை இரண்டு முறை போட்டுவிட்டால் அந்த வரி வெறும் குறிப்பாகிவிடும்.

விண்டோஸ் நோட்பேடில் எழுதி அப்லோட் செய்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். விண்டோஸ் ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்தைக் கூடுதலாக வைக்கிறது. அனுப்பியதுமே "டாஸ் லைன் பிரேக்ஸ்" இருக்கிறது என்று ஸ்லர்ம் ஜாப்பைத் திருப்பிவிடும். திரையில் ஸ்கிரிப்ட் சரியாகவே தெரியும் என்பதால் குழப்பமாக இருக்கும். டாஸ்-டு-யூனிக்ஸ் என்ற கட்டளையை அந்தக் கோப்பின் மேல் ஒருமுறை ஓட்டினால் தீர்ந்தது.

அடுத்தது டாஸ்க்குக்கும் கோருக்கும் உள்ள வித்தியாசம். எம்பிஐ புரோகிராம் தனித்தனிப் புரோசஸாக ஓடும், ஆகவே அதற்கு என்டாஸ்க்ஸ் 48 என்று கேட்க வேண்டும். ஓப்பன்எம்பி போல ஒரே புரோசஸுக்குள் பல திரெட் ஓட்டும் புரோகிராமுக்கு டாஸ்க் 1, ஒரு டாஸ்க்குக்கு சிபியூ 48. அதோடு திரெட் எண்ணிக்கைக்கான என்விரான்மென்ட் மாறியையும் 48 என்று வைக்க வேண்டும். இதை மாற்றிக் கேட்டு, எஸ்ரன் போட்டு ஓட்டினால், ஒரே புரோகிராம் 48 பிரதியாக ஓடி ஒரே வெளியீட்டுக் கோப்பில் 48 பேரும் எழுதிவைப்பார்கள். விடை ஒவ்வொன்றும் பலமுறை வந்திருந்தால் முதலில் இந்த இடத்தைப் பாருங்கள்.

எத்தனை கோர், எவ்வளவு மெமரி, எவ்வளவு நேரம் கேட்பது?

எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி இது. புதியவர்கள் சீனியரின் ஸ்கிரிப்டை வாங்கி, அதில் இருக்கும் எண்களைத் தொடாமல் அப்படியே அனுப்புகிறார்கள். அந்த எண்கள் அவருடைய சிஸ்டத்துக்கு, அவருடைய மென்பொருளுக்கு அளந்தவை. அவரே அளக்காமல் அவருடைய சீனியரிடம் வாங்கியவையாகவும் இருக்கலாம்.

அளந்து கேளுங்கள். குரோமேக்ஸில் ஒரு புரத சிமுலேஷன் ஓட்டப்போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதே உள்ளீட்டை 8, 16, 24, 48 கோரில் பத்துப் பத்து நிமிடம் மட்டும் ஓட்டுங்கள். லாக் கோப்பின் கடைசியில் ஒரு நாளைக்கு எத்தனை நானோசெகண்ட் ஓடும் என்று குரோமேக்ஸே எழுதிவைக்கும். அந்த நான்கு எண்களை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். 24-லிருந்து 48-க்குப் போகும்போது வேகம் ஏறக்குறைய இரட்டிப்பானால் 48 கேட்பது நியாயம். உதாரணத்துக்கு 40 நானோசெகண்ட் 46 ஆக மட்டும் கூடியிருந்தால், கூடுதலாக எடுத்த 24 கோரும் கிடைத்த பலனுக்கு ஈடில்லை. 24 கோரில் இரண்டு சிமுலேஷனைப் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டினால் அதே நோடில் மொத்தம் 80 கிடைக்கும். ஆய்வுக் கட்டுரைக்கு எப்படியும் மூன்று ரெப்ளிகா (அதே சிமுலேஷனின் தனித்தனி ஓட்டம்) வேண்டுமே.

மற்ற மென்பொருள்களுக்கும் வழி இதேதான். ஓப்பன்ஃபோம், லேம்ப்ஸ், குவாண்டம் எஸ்பிரெசோ எல்லாம் ஒரு ஸ்டெப்புக்கு ஆன நேரத்தை லாக்கில் எழுதுகின்றன.

மெமரிக்கு, சிறிய சோதனை ஜாப் முடிந்ததும் எஸ்அக்ட் கட்டளையில் மேக்ஸ் ஆர்எஸ்எஸ் என்ற பத்தியைப் பாருங்கள். ஜாப்பின் ஒரு டாஸ்க் எட்டிய உச்ச மெமரி அங்கே இருக்கும், டாஸ்க்குகள் பல என்றால் அவற்றின் எண்ணிக்கையால் பெருக்கிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் 20 சதவீதம் சேர்த்துக் கேட்டால் போதும். உங்கள் மையத்தில் செஃப் என்ற கட்டளை இருந்தால் இன்னும் சுலபம். ஜாப் எண்ணைக் கொடுத்ததும் கேட்ட கோர்களில் எத்தனை சதவீதம் உழைத்தன, கேட்ட மெமரியில் எவ்வளவு பயன்பட்டது என்று காட்டிவிடும். 48 கோர் கேட்ட ஜாப்பில் சிபியூ திறன் 2 சதவீதம் என்று வந்தால் ஒரே கோர் ஓடியிருக்கிறது என்று பொருள். 48-ல் ஒரு பங்கு ஏறத்தாழ 2 சதவீதம்தான்.

நேரத்துக்கும் இதே கதைதான். "எதற்கும் இருக்கட்டும்" என்று அதிகபட்ச நேரத்தைக் கேட்பதால் உங்களுக்கே நஷ்டம். காரணம் அடுத்த பதிலில்.

ஜாப் அனுப்பி இரண்டு நாளாகிறது, இன்னும் பிடி என்றே காட்டுகிறதே?

பிடி என்றால் பெண்டிங், ஜாப் வரிசையில் காத்திருக்கிறது. எஸ்க்யூ கட்டளையின் கடைசிப் பத்தியில் அதற்கான காரணம் அடைப்புக்குறிக்குள் இருக்கும். "பிரையாரிட்டி" என்றால் உங்களுக்கு முன்னால் வேறு ஜாப்கள் இருக்கின்றன. "ரிசோர்சஸ்" என்றால் உங்கள் முறை வந்துவிட்டது, நோடு காலியாக வேண்டும். க்யூஓஎஸ் என்று தொடங்கும் காரணம் வந்தால் உங்களுக்கு அனுமதித்த அளவைத் தாண்டிக் கேட்டிருக்கிறீர்கள் அல்லது உங்கள் மற்ற ஜாப்கள் முடிய வேண்டும். நோடு கிடைக்காது என்ற காரணமும், மையத்தில் பராமரிப்புக்கு நாள் குறித்த அறிவிப்பும் சேர்ந்து வந்தால், நீங்கள் கேட்ட நேரம் அந்தப் பராமரிப்பு நாளுக்குள் நீள்கிறது. நேரத்தைக் குறைத்துக் கேட்டால் ஓடிவிடும்.

வரிசை வெறும் டோக்கன் வரிசை அல்ல. சமீபத்தில் அதிகம் பயன்படுத்திய குழுவின் முன்னுரிமை இறங்கும், குறைவாகப் பயன்படுத்திய குழுவினுடையது ஏறும். இதற்கு ஃபேர்ஷேர் என்று பெயர். உங்கள் லேபில் ஒருவர் போன வாரம் முழுக்க நூறு ஜாப் ஓட்டியிருந்தால், இந்த வாரம் நீங்கள் காத்திருப்பது அதனாலும் இருக்கலாம். லேபுக்குள் பேசி வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொன்று பேக்ஃபில். கல்யாணப் பந்தியில் பத்துப் பேராக வந்தவர்கள் சேர்ந்து உட்கார இடம் பார்த்து நிற்கும்போது, தனியாக வந்தவர் காலி இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். பெரிய ஜாப்புக்காக நோடுகளைச் சேர்த்துக்கொண்டிருக்கும் ஸ்லர்ம், அந்த இடைவெளியில் சிறிய ஜாப்களை ஓடவிடும். ஒரு நிபந்தனை உண்டு: பெரிய ஜாப் தொடங்க வேண்டிய நேரத்துக்குள் அவை முடிந்துவிட வேண்டும். ஸ்லர்முக்கு உங்கள் ஜாப் எப்போது முடியும் என்று தெரியாது, நீங்கள் கேட்ட நேரத்தைத்தான் அது நம்புகிறது. ஐந்து மணி நேர வேலைக்கு ஆறு மணி நேரம் கேட்டவருக்கு இடைவெளி கிடைக்கும். 72 மணி நேரம் கேட்டவருக்குக் கிடைக்காது.

வரிசையில் நிற்கும் ஜாப்பை ரத்து செய்து மறுபடி அனுப்புவதால் வேகம் கூடாது. சேர்ந்திருந்த காத்திருப்பு வயது போய்விடும்.

ஜாப் பாதியில் நின்றுவிட்டது. ஏன்?

முதலில் எர்ரர் கோப்பைத் திறந்து பாருங்கள். "டைம் லிமிட்" என்று இருந்தால் நேரம் முடிந்துவிட்டது. "அவுட் ஆஃப் மெமரி" என்றோ 137 என்ற வெளியேறும் எண்ணோ இருந்தால் மெமரி போதவில்லை. "டிஸ்க் கோட்டா" என்றால் உங்கள் இடம் நிரம்பிவிட்டது. இது வெள்ளிக்கிழமை இரவு ஜாப் போட்டுவிட்டு ஊருக்குப் போகிறவர்களை அதிகம் பாதிக்கும். "கமாண்ட் நாட் ஃபவுண்ட்" என்றால் மாட்யூல் லோட் ஆகவில்லை.

நீண்ட ஜாப்களுக்குச் செக்பாயிண்ட் எழுதுவதை முதல் நாளிலிருந்தே பழகுங்கள். பெரிய சிமுலேஷன் மென்பொருள்கள் எல்லாவற்றிலும் அந்த வசதி உண்டு. சொந்த பைத்தான் கோடு என்றால் சுற்றுக்கு ஒருமுறை நிலையைக் கோப்பில் எழுதிவைத்து, தொடங்கும்போது அந்தக் கோப்பு இருந்தால் அங்கிருந்து தொடரும்படி எழுதுங்கள். இதற்குப் பத்து இருபது வரி போதும். மின்தடையோ நோடு பழுதோ வந்தாலும் முழு ஓட்டமும் வீணாகாது.

எனக்கு வேண்டிய மென்பொருளை நானே இன்ஸ்டால் செய்யலாமா?

சூடோ (அட்மின் உரிமை) கிடைக்காது, கேட்கவும் வேண்டாம். முதலில் மாட்யூல் அவெய்ல் என்று கொடுத்து இருப்பதைப் பாருங்கள். உங்களுக்கு வேண்டியது அநேகமாக அங்கேயே இருக்கும், அதுவும் அந்தப் பிராசஸருக்கு ஏற்றபடி கம்பைல் ஆகியிருக்கும். இல்லாவிட்டால் உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் கோண்டா, ஸ்பேக் போன்ற இன்ஸ்டால் கருவிகள் வழியாகப் போட்டுக்கொள்ளலாம். டாக்கர் இமேஜ் இருந்தால் அதை அப்டெய்னர் வழியாக ஓட்டலாம். சிங்குலாரிட்டி என்று பழைய குறிப்புகளில் இருப்பதும் இதுவே.

கம்ப்யூட் நோடுகளுக்குப் பெரும்பாலும் இன்டர்நெட் கிடையாது. பிப் இன்ஸ்டால், மாடல் டவுன்லோட் போன்ற வரிகளை ஜாப் ஸ்கிரிப்டுக்குள் வைத்தால் ஜாப் தொங்கி நின்று நேரத்தைத் தின்றுவிடும். லாகின் நோடிலேயே இறக்கிவைத்துவிட்டு ஜாப் அனுப்புங்கள்.

வாஸ்ப், காசியன், ஆன்சிஸ் போன்றவை லைசென்ஸ் உள்ளவை. கிளஸ்டரில் இருப்பதாலேயே யார் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்று அர்த்தமில்லை. உங்கள் குழுவிடம் லைசென்ஸ் இருக்கிறதா என்று கைடிடம் கேளுங்கள்.

ஜிபியூ நோடில் போட்டும் வேகம் வரவில்லையே?

பார்ட்டிஷன் பெயரை ஜிபியூ என்று மாற்றினால் மட்டும் போதாது. ஜிரெஸ் வரியில் எத்தனை ஜிபியூ வேண்டும் என்று தனியாகக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நோடுக்குள் போயும் ஜிபியூ கண்ணில் படாது. பைடார்ச் எதுவும் சொல்லாமல் சிபியூவில் ஓடிக்கொண்டிருக்கும். ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே, ஜிபியூவின் நிலையைக் காட்டும் என்விடியா-எஸ்எம்ஐ கட்டளையை ஒருமுறை ஓட்டி அதன் வெளியீட்டை லாக்கில் பதியவிடுங்கள்.

தேசியத் திட்டத்தின் முதல் கட்டங்களில் நிறுவிய பரம் கணினிகள் பலவற்றில் இருப்பது 16 ஜிபி கொண்ட என்விடியா வி100 ஜிபியூ. நல்ல கார்டுதான், ஆனால் அதற்குப் பின் வந்த ஏ100-க்காக எழுதிய கோடுகள் சில அப்படியே ஓடாது. பிஃப்ளோட்16 என்ற எண் வடிவத்துக்கு வி100-ல் ஹார்டுவேர் ஆதரவு இல்லை, ஃப்ளோட்16-க்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஃப்ளாஷ் அட்டென்ஷன் 2 என்ற லைப்ரரியும் இதில் ஓடாது. ஜிபியூ பயன்பாடு 10, 20 சதவீதத்திலேயே நின்றால் தாமதம் டேட்டாவைப் படித்துக் கொடுப்பதில் இருக்கிறது. டேட்டா லோடருக்குக் கூடுதல் சிபியூ கொடுத்துப் பாருங்கள்.

கோப்புகளை எங்கே வைப்பது? பேக்கப் உண்டா?

ஹோமில் கோடும் ஸ்கிரிப்டும், ஸ்க்ராட்சில் ஓட்டமும் பெரிய டேட்டாவும். ஸ்க்ராட்ச் பெரியது, வேகமானது, ஆனால் தற்காலிகமானது. மூன்று மாதம் தொடாத கோப்புகள் நீக்கப்படும் என்பது போன்ற விதி பல மையங்களில் உண்டு. பேக்கப் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பேக்கப் இருக்கிற இடத்திலும் அதை மட்டும் நம்ப முடியாது. 2021 டிசம்பரில் கியோட்டோ பல்கலைக்கழக சூப்பர் கம்ப்யூட்டரில் 77 டெராபைட் அளவுக்கு, சுமார் 3.4 கோடி கோப்புகள் அழிந்துபோயின. 14 ஆய்வுக் குழுக்கள் பாதிக்கப்பட்டன. அழித்தது பேக்கப் எடுக்கும் புரோகிராமேதான். ஓடிக்கொண்டிருந்த ஷெல் ஸ்கிரிப்டின் மேலேயே புதிய பதிப்பை எழுதியதால், பாதி பழையதும் பாதி புதியதுமாகப் படிக்கப்பட்டு, அழிக்க வேண்டாத ஃபோல்டரை அது அழித்தது.

இதில் உங்களுக்கும் நேரடிப் பாடம் இருக்கிறது. நீங்கள் எஸ்பேட்ச் கொடுத்த ஸ்கிரிப்டை ஸ்லர்ம் அப்போதே காப்பி எடுத்துக்கொள்ளும், பிறகு திருத்தினாலும் அந்த ஜாப்பைப் பாதிக்காது. ஆனால் அந்த ஸ்கிரிப்ட் கூப்பிடும் மற்ற ஷெல் ஸ்கிரிப்டுகளை, ஜாப் வரிசையில் இருக்கும்போதோ ஓடும்போதோ திருத்தினால் பாதிக்கும். ஓட்டத்துக்கு ஒரு ஃபோல்டர் என்று வைத்து, அதற்குள் எல்லாவற்றின் பிரதியும் இருக்கட்டும்.

புரோகிராம் கோடுகளை, பழைய பதிப்புகளையும் காக்கும் கிட் கருவியில் வையுங்கள். முடிவுகளை வாரத்துக்கு ஒருமுறை ஆர்சிங்க் கட்டளை மூலம் லேப் கணினிக்கு இறக்குங்கள். நடுவில் நெட் போனாலும், மறுபடி கொடுத்தால் முடிந்த கோப்புகளை விட்டுவிட்டு மீதியை இறக்கும்.

லட்சக்கணக்கான குட்டிக் கோப்புகளையும் தவிர்க்கப் பாருங்கள். லஸ்டர் போன்ற ஃபைல் சிஸ்டம் பெரிய கோப்புகளுக்காகக் கட்டப்பட்டது. படத் தொகுப்பை ஒரே டார் கோப்பாகவோ ஹெச்டிஎஃப்5 ஆகவோ வைத்தால் உங்களுக்கும் வேகம், மற்றவர்களுக்கும் தொல்லையில்லை.

ஒரே புரோகிராமை 200 உள்ளீடுகளுக்கு ஓட்ட வேண்டும். 200 முறை அனுப்ப வேண்டுமா?

வேண்டாம், ஜாப் அரே இருக்கிறது. எஸ்பேட்ச் வரியில் அரே 1-200 என்று கொடுத்தால் ஒரே ஸ்கிரிப்ட் 200 ஜாப்பாக மாறும். ஒவ்வொன்றுக்கும் தன் எண் என்ன என்று ஒரு மாறியில் கிடைக்கும். அந்த எண்ணை வைத்து உள்ளீட்டுப் பட்டியலின் அந்த வரியை எடுத்துக்கொள்ளலாம். 1-200%20 என்று எழுதினால் ஒரு நேரத்தில் 20 மட்டும் ஓடும். முதலில் 1-2 என்று போட்டு விடை சரியா என்று பார்த்துவிட்டு 200-க்குப் போங்கள்.

உதவி கேட்டு எப்படி எழுதுவது?

"சார், என் ஜாப் ஓடவில்லை, அவசரம்" என்று வரும் மின்னஞ்சலுக்கு, ஜாப் எண் என்ன என்று கேட்டு ஒரு பதில் போகும். அதற்குள் ஒரு நாள் போய்விடும். முதல் மின்னஞ்சலிலேயே ஜாப் எண், ஸ்கிரிப்ட் இருக்கும் முழு முகவரி, லோட் செய்த மாட்யூல்கள், எர்ரர் செய்தியின் எழுத்து, முன்பு ஓடியதா, அதற்குப் பிறகு என்ன மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். எர்ரரைத் திரையைப் போட்டோ எடுத்து அனுப்பாமல் எழுத்தாகக் காப்பி செய்து ஒட்டுங்கள், தேடிப் பார்க்க வசதியாக இருக்கும். ஆங்கிலம் சரளமாக வராது என்று தயங்கி வாரக்கணக்கில் தனியாகப் போராட வேண்டாம். மேற்சொன்ன விவரங்கள் இருந்தால் நான்கு உடைந்த வாக்கியங்களே போதும், அட்மினுக்குப் புரியும்.

கட்டுரை வெளியாகும்போது ஏதாவது செய்ய வேண்டுமா? படிப்பு முடிந்தால் அக்கவுண்ட் என்ன ஆகும்?

நன்றியுரைப் பகுதியில் கிளஸ்டரின் பெயரும், தேசியத் திட்டத்தின் கணினி என்றால் அத்திட்டத்தின் பெயரும் வர வேண்டும். எழுத வேண்டிய வாசகத்தை மையமே கொடுத்திருக்கும், அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். வெளியானதும் மையத்துக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். அடுத்த முறை புதுக் கணினிக்கு நிதி கேட்கும்போது அவர்கள் காட்டுவது இந்தப் பட்டியலைத்தான்.

படிப்பு முடிந்து சில வாரங்களிலோ மாதங்களிலோ அக்கவுண்ட் மூடப்படும், கோப்புகளும் போகும். தீசிஸ் சமர்ப்பிக்கும் முன்பே முடிவுகள், உள்ளீடுகள், ஸ்கிரிப்டுகள், எந்த மாட்யூலின் எந்தப் பதிப்பு என்ற குறிப்பு எல்லாவற்றையும் லேப் ஸ்டோரேஜுக்கு மாற்றி, எந்த ஃபோல்டரில் என்ன இருக்கிறது என்று ஒரு ரீட்மீ எழுதி, அடுத்து வரும் ஜூனியரை உட்காரவைத்து ஒரு ஜாப்பை அவர் கையாலேயே அனுப்பவையுங்கள்.